சித்தப்பாவின் சைக்கிள் சீட்டு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தொடக்கப்பள்ளியோடு சரி. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பாதி விஷயம் மறந்தும் போச்சு. கோபம் மட்டும் மறக்கவில்லை.

போன மாதம் என் மகன் பாசிர் ரிஸ்ஸில் ஒரு கடைக்குச் சைக்கிள் வாங்கப் போனான். நானும் கூடப் போனேன். கடையில் இருந்த தம்பி அவனை ஏற்றி உட்காரவைத்து, பெடல் கீழே போகும்போது முட்டி லேசாக மடங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். சீட்டை ஏற்றினார், இறக்கினார். “எங்கயாச்சும் வலிச்சா சொல்லுங்க லா, வெட்கப்படாதீங்க” என்றார். நாற்பது வயது ஆம்பளைக்கு இத்தனை உபசாரம். எனக்கு அங்கேயே கத்த வேண்டும்போல் இருந்தது.

எனக்கு அப்போது பதினோரு வயது. புக்கிட் மேராவில் இருந்தோம். அம்மா அவிக்கும் இடியாப்பத்தைக் காலையில் சைக்கிளில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுத்தான் நான் பள்ளிக்குப் போக வேண்டும். சைக்கிள் சித்தப்பாவுடையது. அவர் நெட்டையான ஆள். எனக்கோ நுனிவிரல்தான் பெடலைத் தொடும். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும்.

சீட்டைக் கொஞ்சம் இறக்கித் தரச் சொல்லி ஒரே ஒரு தடவை கேட்டேன்.

“வளர்ற புள்ளைக்கு எதுக்குடி இறக்கணும்? வளந்து எட்டிப் பிடி” என்றார் சித்தப்பா. வீடே சிரித்தது.

எங்கள் வீட்டில் சீருடை, காலுக்குப் போடும் சப்பாத்து எல்லாமே இரண்டு அளவு பெரிதாகத்தான் வாங்குவார்கள். சப்பாத்துக்குள் பஞ்சை அடைத்துக்கொள்வேன். சைக்கிளும் அப்படித்தான் போல, வளராதது என் குற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

வலது முட்டிக்குப் பின்னால் வலி ஆரம்பித்தது. சோம்பேறிக் கால் என்றார் அப்பா. அம்மா தைலத்தைத் தேய்த்துவிட்டு மறுபடியும் சைக்கிளில் இடியாப்பக் கூடையைக் கட்டினாள். ஆறாம் வகுப்புத் தேர்வு அன்று முட்டி வீங்கிக் காலை ஊன்றவே முடியவில்லை. அன்றைக்கும் இடியாப்பம் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது, அதற்கு ஆள் கிடைத்தது. என்னைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போகத்தான் ஆளில்லை. அந்தத் தேர்வு எழுதாமல் உயர்நிலைப் பள்ளிக்குப் போக முடியாது, படிப்பு அதோடு நின்றது.

சில மாதம் கழித்து சித்தப்பா மோட்டார் சைக்கிள் வாங்கினார். பழைய சைக்கிளை விற்றுவிட்டார். வாங்க வந்தவர் சிராங்கூன் ரோட்டுப் பூக்கடையில் வேலை செய்பவர், குட்டையான மனிதர். நான் நொண்டிக்கொண்டே போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பா ஸ்பேனரை எடுத்து இரண்டு திருகு திருகினார். சீட்டு இறங்கிவிட்டது.

“இவ்ளோ ஒசரத்துல வெச்சு ஓட்டாதீங்கண்ணே, முட்டி போயிடும்” என்றார், அவ்வளவு அக்கறையாக.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பெருமை. எங்கள் சித்தப்பாவுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று வந்தவரைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சீட்டு உயரமாக இருந்தால் முட்டிக்குப் பின்னால்தான் வலிக்குமா, முன்னாலும் வலிக்குமா என்று சைக்கிள் தெரிந்தவர்கள் யாராவது பாருங்கள். நான் எழுதியது தப்பென்றால் திருத்திவிடுங்கள். சித்தப்பா சொன்னதை மட்டும் திருத்த வேண்டாம். அவர் அப்படியேதான் சொன்னார்.