தொடாமல் விட்ட தோள்

அந்தத் தொடக்கப் பள்ளியில் கணக்கு டீச்சருக்கு வகுப்பறை உண்டு, தையல் டீச்சருக்குக்கூட ஒரு மூலை உண்டு. பாட்டு மிஸ்ஸுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. இருபத்தொன்பது வருஷமாகக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக மாடி ஏறி இறங்குவதே பிழைப்பு. போய்ச் சேர்ந்தால் முதல் பத்து நிமிஷம் கிள்ளினவன் யார், கிள்ளு வாங்கினவன் யார் என்கிற பஞ்சாயத்து. பரீட்சை நெருங்கினாலோ கணக்கு டீச்சர் வாசலில் வந்து நின்று, பாட்டுதானே, இன்றைக்கு ஒரு நாள் விட்டுக்கொடுங்களேன் என்பாள். பாட்டுதானே! பிள்ளைகளின் கத்தலில் பாதியும் அந்தத் 'தானே'யில் மீதியுமாக மிஸ்ஸின் தொண்டை போயே போய்விட்டது.

இந்த வருஷம் தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். போன ஆண்டு விழாவில் பாட்டு சுகப்படவில்லையாம். இந்தத் தடவையும் அப்படி ஆனால் பாட்டு பீரியடை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்துவிடுவார்களாம். மிஸ் ஓய்வு பெறும்வரை ஆபீசில் ரிஜிஸ்டர் எழுதலாமாம். சிரித்த முகத்தோடுதான் சொன்னார். சிரிக்கிறவர்களிடம் சண்டை போடவும் முடிவதில்லை.

பாட்டு சுகப்பட மிஸ்ஸிடம் ஒரு வழி இருந்தது. ஒத்திகையில் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு பிள்ளையின் வாயருகிலும் காதைக் கொடுப்பாள். சுருதி விலகுகிற பிள்ளையின் தோளை மெல்லத் தொடுவாள். தொட்டால், வாயை மட்டும் அசைக்க வேண்டும், சத்தம் வரக்கூடாது என்று அர்த்தம். திட்டு கிடையாது, அடி கிடையாது. பிள்ளை மேடையில் நிற்கலாம், பெற்றவர்கள் படமும் பிடித்துக்கொள்ளலாம். இதைவிடப் பக்குவமாக யார் செய்வார்கள் என்றுதான் அவள் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தாள், பாவம்.

ஒத்திகை நடந்துகொண்டிருந்த வாரம், ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேரக்குழந்தை வீல் வீல் என்று அழுதுகொண்டிருந்தது. மகள் அதன் பக்கத்தில் கைபேசியை வைத்து ஏதோ பாட்டைப் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸுக்கு எரிச்சல் வந்தது. தொண்டை இருந்தால் தானே பாடியிருப்பாள்.

"நீ பாடேன்டி. உன் பிள்ளைதானே கேக்குது, அதுக்கு என்ன சுருதி வேணும்?"

"எனக்கு எங்கம்மா வரும்? மூணாங்கிளாஸ்ல நீ என் தோளைத் தொட்டேல்ல. அதுக்கப்புறம் நான் வாயைத் தொறந்து பாடினதே இல்லை. குளிக்கும்போதுகூட."

குறையாகச் சொல்லவில்லை. கடையில் பால் தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். மிஸ்ஸுக்கு அது ஞாபகமே இல்லை. பெற்ற மகளின் தோளைத் தொட்டதே மறந்துபோயிருக்கிறது என்றால், ஊரார் பிள்ளைகளின் தோள் எங்கே நினைவிருக்கும்? அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி ஒத்திகை. கடைசி வரிசையில் முன்பல் விழுந்த ஒரு பெண். அடேயப்பா, என்ன தொண்டை! கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, ஒவ்வொரு வரியையும் ஒரு படி கீழே இழுத்துப் பாடிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பிள்ளைகளும் அதன் பின்னாலேயே போய்விட்டார்கள். மிஸ்ஸின் கை தானாகவே எழுந்தது. தொட்டுவிட்டால் பீரியட் பிழைக்கும். தொடாவிட்டால் இன்னும் மூன்று வருஷம் ஆபீசில் ரிஜிஸ்டர். அவளுக்கோ உடம்பெல்லாம் அலுப்பு, யோசிக்கக்கூடத் தெம்பில்லை. தூக்கின கையால் தன் முடியை ஒதுக்கிக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போனாள்.

விழாவில் முதல் இரண்டு வரி நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவது வரியில் அந்தப் பெண் இழுத்தாள், கடைசி வரிசை கூடவே போயிற்று, நடு வரிசை யார் பின்னால் போவதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்தது. கீபோர்டு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். பார்க்க வந்தவர்களில் சிலர் சிரித்தே விட்டார்கள். நாற்காலிகளை அடுக்கி முடிப்பதற்குள் தலைமையாசிரியை வந்து, அடுத்த வருஷத்திலிருந்து கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டுப் போனார். மிஸ் சரி என்றாள். வேறென்ன சொல்வது?

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வீட்டு வாசலிலேயே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கெடுத்தது யார் என்று மகள் கேட்டாள். கடைசி வரிசையில் ஒரு பெண் என்றாள் மிஸ்.

"தொடலையா நீ?"

"தொடலை. உன் மூஞ்சி ஞாபகம் வந்துது."

மகள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். அம்மாவின் இருபத்தொன்பது வருஷ வேலை ஒரு சாயங்காலத்தில் போய்விட்டதே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மனதில் கிடந்தது வாயில் வந்துவிட்டது.

"அன்னிக்கு என்னையும் விட்டிருக்கலாமேம்மா."

மிஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தாள்.

"விட்டிருக்கலாம்டி," என்றாள், மிச்சமிருந்த குரலில்.