பத்தியம் முடிய இரண்டு நாள்

காலை 5.30, மேட்டூர். மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ்ஸில் மொட்டை போடப் போகிறவர்கள் கூட்டம். எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. மைசூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் என் தங்கை செல்வியை ஒரு மாத்திரை விழுங்க வைக்கப் போகிறேன். மூன்று நாள் முன்பு விடியற்காலையில் வீட்டை விட்டுப் போனவளை, ஏரித் தண்ணீரில் முழங்காலளவு நின்றபோது நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் பிடித்து இழுத்திருக்கிறார்கள். நேற்று அவள் மகள் காவ்யா போனில் அழுதாள். அங்கேயே வளர்ந்த பெண், பேச்சில் பாதி கன்னடம்.

"அம்மா மாத்திரை பேடா, வேண்டாம்னே சொல்றாங்க மாமா. ஏன்னு கேட்டா பேசறதே இல்ல. நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பாங்க."

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். திமிருக்குக் குறைவில்லை. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் செடிகளில் உள்ள சேர்மங்கள் மருந்தாகக்கூடும் என்று ஒரு கட்டுரை படித்தேன். அந்தக் 'கூடும்' என் மண்டையில் ஏறவே இல்லை. நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராவும் நீர்ப்பிரமியும் கலந்த பொடி வாங்கிச் செல்விக்கு அனுப்பி, போனில் அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். "ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பத்தியமாச் சாப்பிடு" என்றும் சொல்லி வைத்தேன். மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை அவள் அதற்குப் பிறகு தொடவே இல்லை என்பது நேற்றுதான் தெரிந்தது. செலவுக்குப் பயந்து அவள் புருஷன் முருகேசன்தான் நிறுத்தச் சொல்லியிருப்பான் என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

7.50. மலையில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ. தித்திப்பு தாங்கவில்லை, பாதியைக் கொட்டிவிட்டு மைசூர் பஸ்ஸில் ஏறினேன். இங்கிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. மூங்கில் காடும் கொண்டை ஊசி வளைவும் அழகாகத்தான் இருக்கின்றன, பார்க்க மனசு இருப்பவர்களுக்கு.

9.30, கௌதள்ளி. பக்கத்தில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தார். ஆதார் அட்டையைக் காட்டிப் பெண்களுக்கான இலவச டிக்கெட் வாங்கியதும் விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"மைசூர்ல யாருங்?"

"தங்கச்சி. காய்ச்சல்." மனசு சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நெலவேம்புக் கசாயம் வெச்சுக் குடுங்க. ஆனாப் பத்தியமா இருக்கோணும். தயிரு, கருவாடு ஆவாது. இங்கிலீசு மாத்தரயத் தொடவே கூடாதுங்."

"அப்படின்னு யாரு சொன்னது?" என் குரல் ஏறிவிட்டது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இதயெல்லாம் ஒருத்தர் சொல்லோணுமாக்கும்? பத்தியம்னா பத்தியந்தானுங்."

எனக்கு மட்டும் தெரியாதா? சின்ன வயதில் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தபோது, ஆஸ்பத்திரி மாத்திரைகளைக் கூரையில் செருகி வைத்த வீடுதான் எங்கள் வீடு. முருகேசன் நிறுத்தச் சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருக்கிறேன், 'பத்தியம்' என்ற ஒரே வார்த்தையில். அட மடையா, உனக்கெல்லாம் எதற்கு எம்.எஸ்ஸி.?

12.50, மைசூர். ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை.

"பேலஸ் பாக்காம போனா ஹேகே, எப்படி சார்? ஒரு ரவுண்டு காட்டட்டுமா?"

"ஆஸ்பத்திரிக்குப் போப்பா" என்றேன். இந்த ஊர்ச் சாலைகளின் சுத்தம்கூட இன்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

முருகேசன் வாசலில் நின்றிருந்தான். மலைப் பக்கத்து மார்டள்ளிக்காரன், இங்கே கட்டட மேஸ்திரி. "வாங்க மச்சான், சாப்டீங்களா?" என்றான். கோபப்பட்டிருந்தால் தேவலை. "மாத்தரய நானே கையில குடுத்தனுங்க. 'அண்ணன் பத்தியம்னு சொல்லிருக்குது'ன்னு பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா. நாப்பத்தெட்டுல இன்னம் ரெண்டு நாள் பாக்கியாம்."

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "செடியில மருந்தே இல்லேன்னு நான் சொல்லல சார். ஆராய்ச்சி நடக்குது. நாளைக்கு அதுலேர்ந்தே நல்ல மாத்திரை வரலாம். இவங்களுக்கு இன்னிக்கு வேணுமே? இருக்கற மாத்திரைய நிறுத்தினதுதான் இங்க கொண்டுவந்து விட்டிருக்கு. பொடிய இனிமே கொடுக்காதீங்க, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதலாம்."

மாலை 4 மணிக்கு உள்ளே விட்டார்கள். செல்வி இளைத்துப் பாதியாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒரு நாள் மறந்தாப்ல ரெண்டு வாய் தயிர்ச்சோறு தின்னுட்டேன். அதுலதான் பொடி வேலை செய்யாமப் போச்சு. உன் மருந்த நானே கெடுத்துட்டேன்."

"தப்பு உன்னுது இல்ல செல்வி, என்னுது. பாதி படிச்சுட்டுப் பெரிய இவனாட்டம் பேசிட்டேன். மாத்திரைய நிறுத்தியிருக்கவே கூடாது."

"போண்ணா. நீ படிச்சவன், உனக்குத் தெரியாததா? நாந்தான் நாக்கக் கட்டல."

எத்தனை தரம் சொன்னாலும் அவளுக்கு ஏறவில்லை. குற்றத்தை என்னிடம் கொடுக்கக்கூட அவள் தயாராக இல்லை. நர்ஸ் சின்னக் கிண்ணத்தில் மாத்திரை கொண்டுவந்தாள். மூன்று நாளாக யார் கெஞ்சியும் திறக்காத வாய். நான் வாங்கி அவள் கையில் வைத்து, "சாப்பிடு" என்றேன். "நீ சொன்னாச் சரி" என்று போட்டுத் தண்ணீர் குடித்தாள். நர்ஸுக்கு வாயைத் திறந்தும் காட்டினாள். முருகேசன் சுவரோரம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மாலை 6.15, திரும்பும் பஸ். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு சொட்டுத் திரவம் கொடுத்தாலும் பிள்ளைகள் "இது என்ன சார்?" என்று கேட்க வேண்டும். கேட்காமல் ஊற்றுகிறவர்களை நிற்க வைத்துத் திட்டுவேன். செல்வி அது என்ன மாத்திரை என்று கேட்கவே இல்லை.