நடந்துபோன நரி

அப்பாவுக்கு ஹாம் ரேடியோப் பித்துப் பிடித்தது வெள்ளத்தின்போது. ஊரெங்கும் கைபேசிகள் செத்துக் கிடந்த வாரம் அது. நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட முகாமுக்கு ஒருவர் கையில் ரேடியோவோடு வந்தார். யார் யாரையோ அதில் கூப்பிட்டுப் பேசி, சைதாப்பேட்டையில் பெரியப்பா பத்திரமாக மொட்டைமாடியில் இருக்கிறார் என்று அரைமணி நேரத்தில் விசாரித்துச் சொல்லிவிட்டார். எல்லோரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்பா மட்டும் அந்த ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு காய்ந்ததும் அப்பா படிக்க உட்கார்ந்தார். நந்தனத்தில் ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக் வேலை. அதை முடித்துவிட்டு வந்து, என் கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் தன் புத்தகத்தையும் விரித்துக்கொள்வார். தேர்வு எழுதி, ரேடியோவில் பேசுவதற்கான உரிமமும் வாங்கிவிட்டார்.

அம்மா ஜாக்கெட் தைப்பவள். திருவான்மியூரில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் வாசல் பக்கம் அம்மாவின் மிஷின், ஜன்னல் பக்கம் அப்பாவின் ரேடியோ. மிஷின் ஓடினால் ரேடியோ கரகரக்கும்; ரேடியோ பேசினால் அம்மா அளவைத் தப்பாகக் குறித்துக்கொள்வாள். இதைத் தவிர அவர்களுக்குள் பெரிய சண்டை எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

ரேடியோக்காரர்கள் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் கூடி நரி வேட்டை ஆடுவார்கள். நரி என்பது சோப்புப் பெட்டி அளவில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர். ஒருவர் அதை எங்காவது ஒளித்துவிட்டு வருவார். சில நொடிகளுக்கு ஒரு தரம் அது கீக் கீக் என்று குரல் கொடுக்கும். மற்றவர்கள் கையில் ஆன்டெனாவைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, எந்தப் பக்கம் சத்தம் கூடுகிறதோ அந்தப் பக்கம் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா தன் இரும்பு அளவு டேப்பைத் துண்டு போட்டு பிளாஸ்டிக் குழாயில் கட்டி ஒரு ஆன்டெனா செய்திருந்தார். அதை வைத்துக்கொண்டு இரண்டு முறை கடைசியாக வந்திருந்தார். இந்த முறை ஜெயிக்காமல் வீடு திரும்புவதில்லை என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. வேட்டை பார்க்க நானும் போனேன். எனக்குப் பசிக்குமே என்று இட்லிப் பாத்திரத்தோடு அம்மாவும் வந்தாள்.

போனால், நரியை ஒளிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். ரேடியோக்காரர்களின் சங்கத் தலைவர் மயிலாப்பூர்க்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எஞ்சினியர். அவர் சுற்றிலும் பார்த்தார். கையில் ஆன்டெனா இல்லாத ஒரே பெரிய மனுஷி அம்மாதான்.

"நீங்க போய் ஒளிச்சு வெச்சிட்டு வாங்கோம்மா. ஒங்களுக்குத்தான் யார் மேலயும் பட்சபாதம் இருக்காது."

"எனக்கு இன்னா சார் தெரியும் இதெல்லாம்?"

"தெரியவே வேண்டாம். இங்கேர்ந்து ஒரு கிலோமீட்டரைத் தாண்டப்படாது. அவ்ளோதான் ரூல்."

"எங்க வேணா வெக்கலாமா?"

"எங்க வேணா."

அப்பா அவசரமாக, "எங்கிட்ட சொல்லிடாத" என்றார்.

"உங்ககிட்ட நான் இன்னாத்துக்கு சொல்லப்போறேன்?" என்று அம்மா இட்லிப் பாத்திரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, ஊரூர் குப்பத்துப் பக்கமாக நடந்தாள். கால்மணி நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி, மணலில் முந்தானையை உதறி உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தாள்.

முதல் சத்தம் குப்பத்திலிருந்துதான் வந்தது. பத்துப் பன்னிரண்டு பேரும் படகுகளுக்கு நடுவில் ஓடினார்கள். வலை காயும் இடத்தை அடைந்தபோது சத்தம் மேற்கே போய்விட்டது. மேற்கே போனால் வடக்கே. கடலில் பட்டுத் திரும்புகிறது என்றார் தலைவர். கட்டடங்களில் பட்டுத் திரும்புகிறது என்றார்கள் கல்லூரிப் பையன்கள். அப்பா தன் ஆன்டெனாவை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினார். காலையில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் அப்பாவிடம், டிவி தெரியலையா என்று கரிசனமாகக் கேட்டார்.

ஒரு மணி நேரம் இப்படிப் போனதும் எல்லோருடைய பார்வையும் மெல்ல அப்பா மேல் திரும்பியது. ஒரு பையன் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டான்: "அண்ணே, நெஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"என் பொண்ணு மேல சத்தியமா தெரியாதுப்பா" என்றார் அப்பா. அவர் முகம் சுருங்கிவிட்டது. ஜெயித்தாலும் கெட்டபேர், தோற்றாலும் கெட்டபேர். அதற்குப் பிறகு சத்தம் எந்தப் பக்கம் வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகவே அவர் நடக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது.

நானும் அப்பாவும் ஒரு தெருமுனையில் நின்றோம். அப்பாவின் ரேடியோ திடீரென்று காது கிழிகிற மாதிரி கத்தியது. எதிரே மீன்கார அக்கா ஒருத்தி, தலையில் மீன் கூடையும் தோளில் ஒயர் பையுமாகப் போய்க்கொண்டிருந்தாள். அவளை எனக்குத் தெரியும். அம்மாவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவள். அவள் தெருவைத் தாண்டினாள்; சத்தம் குறைந்தது. திரும்பி வந்தாள், கூடியது.

நான் அப்பாவின் சட்டையை இழுத்தேன். "அப்பா, அந்த அக்கா..."

"சும்மா இரு" என்றார் அப்பா. அவரும் பார்த்துவிட்டார். ஆனால் கால் நகரவில்லை.

நான் ஓடினேன்.

"அக்கா, எங்கம்மா எதனா குடுத்தாங்களா?"

"குடுத்துச்சு."

"குடுங்க."

"அதெப்டி? ஆன்டெனா கையில வெச்சுக்கினு வரவங்களாண்டதான் குடுக்கணும்னு சொல்லிக்கீது உங்கம்மா. உன் கையில இன்னா கீது?"

என் கையில் இட்லிப் பாத்திரம் இருந்தது. அதைக் காட்டினேன். அக்கா அசையவில்லை. மறுபடி அப்பாவிடம் ஓடி, ஆன்டெனாவைக் கேட்டேன். அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அதை என் கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். என்னைவிட நீளமான அதைத் தூக்கிக்கொண்டு போய் அக்கா முன்னால் நின்றேன். அவள் அதை மேலும் கீழும் பார்த்துத் திருப்தியானபின், ஒயர் பைக்குள் கத்திக்கும் கேரி பேகுக்கும் அடியிலிருந்து நரியை எடுத்துக் கொடுத்தாள்.

"காலைலேர்ந்து நான் போற தெருவெல்லாம் ஆளுங்க பின்னாடியே வந்துக்கினு கீறாங்க. ஒருத்தன் மீனு வாங்கல" என்றாள்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குத் திரும்பினோம். தலைவருக்கு மூச்சு வாங்கியது. "நரி ஒரே எடத்துல இருக்கணும்மா. நடக்கப்படாது" என்றார் அம்மாவிடம்.

"நரின்னா நடக்காம இன்னா சார் பண்ணும்?" என்றாள் அம்மா. "ஒரு கிலோமீட்டர் தாண்டக் கூடாதுன்னீங்க. தாண்டல. அக்காவாண்ட அதையும் சொல்லித்தான் குடுத்தேன்."

தலைவர் சிரித்துவிட்டார். வெற்றி யாருக்கு என்பதில் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. எனக்கு உரிமம் இல்லை. அப்பா நரியைத் தொடவே இல்லை. அக்காவோ போட்டியிலேயே இல்லை. முடிவில், பரிசாக வைத்திருந்த தண்ணீர் பாட்டில் என் கைக்கு வந்தது. கல்லூரிப் பையன்கள் அக்காவிடம் சங்கரா மீன் வாங்கினார்கள். அடுத்த முறையும் அம்மாதான் ஒளிக்க வேண்டும் என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து அம்மா மிஷினில் உட்கார்ந்தாள். ஆனால் மிதிக்கவில்லை.

"ஏங்க, அது கடல்ல எவ்ளோ தூரம் கேக்கும்?"

அப்பா சொன்னார்.

"உயரத்துல வெச்சா?"

அப்பா அளவு நோட்டில் படம் போட்டுக் காட்டினார். ஆன்டெனாவின் ஒரு கம்பி ஏன் நீளம், மற்றது ஏன் குட்டை என்று அம்மா கேட்டாள். வெள்ளத்தில் கரண்ட் இல்லாதபோது அந்த மனிதர் எதில் பேசினார் என்று கேட்டாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

மறுவருஷம் அம்மா தேர்வு எழுதினாள். அப்பாவைவிடக் கூடுதல் மதிப்பெண். அதற்குப் பின் வந்த ஒரு புயலில், முகாமில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து, யார் வீட்டுப் பெரியப்பா எந்த மாடியில் இருக்கிறார் என்று கேட்டுச் சொன்னவள் அவள்தான்.

அந்த மத்தியானம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. தோற்றுப்போன மனுஷனைத் தேற்றத்தான் அம்மா இத்தனையும் கேட்கிறாள் என்று நினைத்தேன். அப்பாவுக்காக இந்தப் புரியாத பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, பாவம் அம்மா என்று பரிதாபப்பட்டுக்கொண்டே விளையாடப் போனேன்.