முதல் குடமும் கடைசிக் குடமும்

எண்ணூருக்கு வடக்கே உப்புமண்ணில் முகத்துவார நகர் உண்டானது 2019 தை மாதம். கடலோரக் குடிசைகளை இழந்த நாற்பத்திரண்டு குடும்பங்களை லாரியில் ஏற்றிவந்து இறக்கினார்கள். அது யார் எல்லை என்று எந்த அலுவலகமும் சொல்லவில்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் லாரி மட்டும் வந்தது. வலுத்த கை நிறைத்தது, மற்றவர்கள் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள்.

நெரிசலில் ஒரு கர்ப்பிணி விழுந்த அன்று மாலை, மின்கோபுரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். நாலு வீட்டு வரிசைக்கும் வரிசைக்கொரு ஆளைப் பொறுக்கி, மொத்தத்துக்கும் தலைவியாகச் சொக்கம்மாளைச் சொன்னார்கள். மீன் விற்ற தொண்டை; நாலு வரிசைக்கும் கேட்கும். அவள் ஒரே ஒரு சட்டம் கேட்டாள்.

"தலைவி வூட்டுக்குக் கடைசி குடம். அப்பதான் எல்லாருக்கும் வருதான்னு கடைசி வரிக்கும் நின்னு பாப்பேன்."

ஐந்து வருஷம் அப்படியே நடந்தது. பல நாள் அவள் வீட்டுக்குக் கிடைத்தது லாரியின் அடிக்கலங்கல்தான்.

போன ஆண்டு அவள் மகள் ஷாலுவுக்குக் குழந்தை பிறந்த பத்தாம் நாள், மருமகன் தீனா யாரையும் கேட்காமல் குடத்தை மற்றக் குடங்களுக்கெல்லாம் முன்னால் வைத்து நிரப்பிவிட்டான். மாலையில் கோபுரத்தடியில் கூட்டம் திரண்டது.

"இன்னாக்கா, தலைவி வூட்டுக்குத் தனி லாரியா?" என்றாள் மூன்றாம் வரிசைப் புஷ்பவல்லி. சொக்கம்மாளை எதிர்த்து அவள் பேசாத கூட்டமே கிடையாது.

"பச்சக்கொயந்த கீது அத்தே. துணி அலசக்கூடத் தண்ணி இல்ல. நீயே சொல்லு!" என்றான் தீனா.

சொக்கம்மாள் கணக்குப் போட்டாள். விட்டுக்கொடுத்தால் நாளைக்கே பழைய தள்ளுமுள்ளு வந்துவிடும். தண்டித்தால் பேரப்பிள்ளைக்குத் தண்ணீர் இல்லை.

"எம்மூட்டு வயக்க நான் தீர்க்கக்கூடாது. புஷ்பா, நீ சொல்லு. நீ சொல்றதுதான்" என்று தலைவி இடத்திலிருந்து எழுந்து கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்தாள்.

புஷ்பவல்லி இதை எதிர்பார்க்கவில்லை. முன்னால் வந்து நின்றாள்.

"தீனா, நீ செஞ்சது தப்பு. ஒரு வாரம் எங்க வரிசைக் கெழவிங்களுக்குத் தண்ணி தூக்கு. ஆனா புள்ள பெத்தவ தண்ணியில்லாம கெடக்கறதும் தப்புதான். இனிமே எந்த வூட்ல கொயந்த பொறந்தாலும் மூணு மாசத்துக்கு மொதக் குடம் அவங்களுக்கு. இன்னா சொல்றீங்கோ?"

கைகள் எழுந்தன. யாரோ கத்தினார்கள்: "அப்போ சொக்கம்மா வூட்டுக்கு மொதக் குடமா, கடைசி குடமா?"

"ரெண்டுந்தான். ஒண்ணு தாய்க்கு, ஒண்ணு தலைவிக்கு. சட்டம்னா சட்டம்!" என்றாள் புஷ்பவல்லி. கூட்டம் சிரித்தது.

அடுத்த முறை லாரி வந்தபோது ஷாலுவின் குடம் முதலில் நிறைந்தது. தீனா அதை வீட்டில் இறக்கிவிட்டு, மூன்றாம் வரிசைக் குடங்களைத் தூக்க ஓடினான். சொக்கம்மாள் எல்லாக் குடமும் நகர்ந்து முடியும்வரை வெயிலில் நின்று, கலங்கலை வடிகட்டப் புடவை முந்தானையைத் தன் குடத்தின் வாயில் விரித்தாள்.