தலைகீழ்க் கிளிகள்

அப்பா, அம்மா, பட்டு முதலாளி, அவர் மகள், நான் எல்லோரும் எங்கள் வீட்டுத் தறியருகே கூடியிருந்தோம். பதினேழு வயதில் நான் தனியாக நெய்த முதல் புடவையை அப்பா விரித்தார். இது தேறாவிட்டால் தறியை விட்டுத் துணிக்கடை வேலைக்குப் போகச் சொல்லியிருந்தார்.

தறியில் உருவங்களை விழவைக்கும் டிசைன் அட்டைகளை நான் தலைமாற்றிக் கோத்துவிட்டேன். முந்தானைக் கிளிகள் எல்லாம் தலைகீழாக இருந்தன.

“இன்னாம்மா, கிளியெல்லாம் கவுந்துகினு கீது?” என்றார் முதலாளி.

“எங்க கொய்யா மரத்துல அப்பிடித்தாங்க தொங்கிகினு பழம் துன்னும். சின்ன வயசுலேர்ந்து பாத்ததால எனக்குத் தப்பாவே தெரியலீங்க” என்றேன்.

அவர் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். புடவையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“அப்பா, என் கல்யாணத்துக்கு இதான்.”

என் அப்பா என் பக்கம் திரும்பினார். “அட்டைய கழட்டாதம்மா. அப்பிடியே நெய்யி.”

முன்பு தெருவில் என்னை இன்னார் மகள் என்பார்கள். இப்போது கிளிக்காரி என்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. நெய்த கிளிப் புடவைகள் இதுவரை ஒன்பது.