பூசணிப்பூ நிறச் சுவெட்டர்

சங்கீத டீச்சர் அந்த நூலின் ஒரு நுனியை இரண்டு விரல்களால் பிடித்து மெல்ல இழுத்தார். அது நேராக நீண்டது. விட்டதும் சுருங்கி, சின்னச் சின்ன அலைகளாக வளைந்து நின்றது. மறுபடியும் இழுத்தார், விட்டார். மறுபடியும் அதே அலைகள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. 1979ஆம் ஆண்டு சனவரி மாதத்தின் கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஆண்டையும் கிழமையையும் நினைவில் வைத்திருப்பது சரித்திரம் படிப்பித்த எனக்கு ஒரு பழக்கம். இந்த நாளை மறக்க முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

கல்முனைக்கு அடுத்த எங்கள் ஊரில், கடலுக்கும் வயலுக்கும் நடுவே இருந்த பெண்கள் பாடசாலையில் நாங்கள் மூன்று பேர் கம்பளி நூல் பின்னுகிறவர்களாக இருந்தோம். சங்கீத டீச்சர் கல்முனையைச் சேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தவர். மலைநாட்டில் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது குளிர் தாங்காமல் பின்னல் பழகியவர். கணக்கு டீச்சரும் நானும் உள்ளூர் முஸ்லிம் பெண்கள். அவரிடம் கொஞ்சமும், ஒருவரைப் பார்த்து ஒருவர் கொஞ்சமும், பழைய சஞ்சிகைகளில் வந்த படங்களைப் பார்த்துக் கொஞ்சமுமாகக் கற்றுக்கொண்டோம். வெயில் கொளுத்தும் ஊரில் கம்பளி எதற்கு என்று மற்ற ஆசிரியைகள் சிரிப்பார்கள். பிறந்த பிள்ளைகளுக்குத் தொப்பியும் காலுறையும் யார் வீட்டுக்கும் தேவைப்பட்டன. விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகிற வயதானவர்களுக்குக் கழுத்துத் துண்டு தேவைப்பட்டது. அதையும்விட, இடைவேளையின் கால் மணி நேரத்தில் கைகள் வேலையாக இருக்க, வாய்கள் எதையும் கதைக்கலாம் என்ற வசதி எங்களுக்குத் தேவைப்பட்டது.

கணக்கு டீச்சர் வாய் ஓயாதவர். கண்ணிகளை எண்ணும்போது மட்டும் அமைதியாவார். எண்ணிக்கை தவறினால் சங்கீத டீச்சர்மேல் பழியைப் போடுவார். "நீங்க பக்கத்தில இருந்து ராகம் இழுத்தா என்ட கண்ணி ஓடாம என்ன செய்யும்?" என்பார். "கணக்கு டீச்சருக்கே கணக்குப் பிழைக்குது, அதுக்கு ராகம் என்ன செய்யும்?" என்று மற்றவர் திருப்பிக் கொடுப்பார். எங்களுக்குள் எழுதாத ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தியின் பின்னலில் பிழையைக் கண்டால், அவள் கேட்டால் மட்டும் சொல்வது. அவிழ்க்க வேண்டியதென்றால் பின்னியவளே அவிழ்ப்பது. அடுத்தவளின் ஊசியில் கை வைப்பதில்லை. இந்த வழக்கம் எங்கள் நட்பைப் பல சண்டைகளிலிருந்து காப்பாற்றியது என்றே நினைக்கிறேன்.

எழுபத்தெட்டு நவம்பரில் சூறாவளி வந்தது. தென்னைகள் வேரோடு விழுந்தன. எங்கள் வீட்டு ஓடுகள் அடுத்த வளவுக் கிணற்றுக்குள் கிடந்தன. கடற்கரை ஓலைக் குடிசைகள் இருந்த இடம் வெறும் மணலாயிற்று. டிசம்பரில் நிவாரணப் பொதிகள் வரத் தொடங்கின. குளிர் தேசங்களில் இருக்கும் நல்ல மனிதர்கள் தங்களுக்குத் தெரிந்த உதவியை அனுப்பியிருந்தார்கள். அரைவாசிப் பொதிகளில் கனத்த கோட்டுகளும் கம்பளி உடுப்புகளும் இருந்தன. கல்முனையில் ஒரு மண்டபத்தில் அவற்றைப் பிரித்து அடுக்கிய பெண்களில் சங்கீத டீச்சரும் ஒருவர். அங்கிருந்து ஊர் ஊராக நிவாரணக் குழுக்கள் வந்து எடுத்துச் சென்றன. எங்கள் ஊர்க் குழுவின் பொறுப்பு என் வாப்பாவிடம் இருந்தது. நெல் வியாபாரி. தராசில் ஒரு பிடி கூடப் போடுவாரே தவிரக் குறைக்க மாட்டார் என்று ஊர் சொல்லும். அந்தப் பேரை நாங்கள் உடுப்பைப் போல அணிந்து திரிந்தோம்.

டிசம்பர் கடைசியில் ஒரு பின்னேரம் வாப்பா ஒரு சுவெட்டரை எடுத்து வந்து என் மடியில் போட்டார். பூசணிப்பூவின் நிறம். தடித்த நூல், பெரிய ஆளுக்கான அளவு. வலது முழங்கையில் கிழிசலை மண்ணிற நூலால் யாரோ பின்னி மூடியிருந்தார்கள். வாப்பாவுக்கு மூச்சிழுப்பு வருத்தம். கூரைக்குத் தார்ப்பாய் போட்ட வீட்டில் அந்த மாரிக் காலம் முழுக்க இரவுகளில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தார். அதனால் நான் எதையும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"இது ஒருத்தருக்கும் அளவில்ல புள்ள. சும்மா கிடந்து பூச்சி அரிக்கும். அவிழ்த்து எனக்குக் கையில்லாம ஒண்டு பின்னித் தா. அவிழ்த்துப் பின்னினா அது வேற சாமான்தானே."

உம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வேற சாமானா?" என்று மட்டும் கேட்டார். பிறகு தேங்காய் திருவத் தொடங்கினார்.

நான் அவிழ்த்தேன். இரண்டு நாட்கள் பிடித்தன. பாதி பந்துகளாகவும் பாதி வளையமாகச் சுற்றிய சிட்டங்களாகவும் நூல் வந்தது. முழங்கையில் இருந்த மண்ணிற நூல் நல்ல நூல். எறிய மனம் வராமல் அதைக்கொண்டு ஒரு சிட்டத்தைக் கட்டி வைத்தேன். பின்னத் தொடங்கியதும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கண்ணிகள் ஒன்று பெருத்தும் ஒன்று சிறுத்தும் விழுந்தன. முன்பக்கம் மேடும் பள்ளமுமாக, மழை விழுந்த மணல் போல இருந்தது. போதாததற்குக் கழுத்தைப் பிரிப்பது எப்படி என்றும் எனக்குத் தெரியாது. அதுவரை நான் தொப்பியையும் துண்டையும் தாண்டியதில்லை. வாப்பா ஒவ்வொரு நாள் காலையிலும், "முடிஞ்சா மகள்?" என்று கேட்டார். வேறு வழியில்லாமல் சனவரிக் கடைசியில் அதைப் பாடசாலைக்குக் கொண்டு போனேன்.

ஓடு பறந்த ஆசிரியர் அறையில், தார்ப்பாயின் கீழ், பையைத் திறந்தேன். கணக்கு டீச்சர் கை தட்டினார்.

"யா அல்லாஹ், என்ன நிறம்கா இது! கல்முனைக் கடைகளில ரோஸும் நீலமும் விட்டா வேற ஒண்டும் இல்லையே. எங்கால எடுத்த?"

"கொழும்பால. வாப்பாட கூட்டாளி ஒராள் கொண்டு வந்த."

"எனக்கும் நாலு பந்து சொல்லுகா. சல்லிய முன்னுக்கே தாறன்."

அந்த வேளையில்தான் சங்கீத டீச்சர் நூலை இழுத்துப் பார்த்தார். வேறு யாரிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் செல்லுபடியாகியிருக்கும். அவிழ்த்தால் அது வேறு சாமான் என்று வாப்பாவும் நம்பினார். ஆனால் ஒருமுறை பின்னப்பட்டு அவிழ்ந்த கம்பளி தன் பழைய கண்ணிகளின் வளைவை விடாது. பின்னுகிற எவளுக்கும் அது கையில் தெரியும். எனக்கே தெரிந்திருக்க வேண்டும். நான் அதுவரை புது நூலை மட்டுமே தொட்டவள். பின்னல்காரிகளுக்கு நடுவில் போய் நூலைப் பற்றிப் பொய் சொன்னேன்.

அவர் நூலைப் பையில் வைத்தார். "இதைச் சிட்டமாச் சுத்தி, வெந்நீரில நனைச்சு, அடியில ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்க டீச்சர். காய்ஞ்சா நேராகும். புது நூல் சிலது இப்படித்தான் வரும்," என்றார்.

புது நூல் என்ற சொல்லை அவர் எனக்காகச் சொன்னார். கணக்கு டீச்சர் நம்பிவிட்டார். இன்றுவரை எனக்கு யாரும் அதைவிடப் பெரிய மரியாதை செய்ததில்லை. அந்த மரியாதையின் கீழ் நிமிர்ந்து உட்கார முடியாமல் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பையைக் கட்டும்போது அவர் கை ஒரு கணம் நின்றது. மண்ணிற நூலால் கட்டிய சிட்டம் மேலே இருந்தது.

பாடசாலை விட்டதும் அவர் வாசலில் எனக்காகக் காத்து நின்றார். பிள்ளைகள் எல்லாரும் போகும்வரை பேசவில்லை.

"டீச்சர், கோபிக்க வேணாம். அந்த மண்ணிற நூல் என்ட. என்ட தங்கச்சிக்குப் பின்னி மிஞ்சின நூல். அந்த முழங்கையைத் தைச்சது நான்தான்."

நான் பையைத் திறந்து அந்தச் சிட்டத்தைப் பார்த்தேன்.

"கடற்கரைப் பக்கம் கரைவலை இழுக்கிற உங்கட ஆள் ஒருத்தர், ஒரு காக்கா, மண்டபத்துக்கு வந்தவர். நிண்டு கதைக்க ஏலாம இழுத்துது. அவருக்கெண்டுதான் அதை வேறாக் கட்டி வச்சன். உங்கட ஊர்ப் பொதி ஏத்தக்குள்ள உங்கட வாப்பாட கையிலதான் குடுத்தன். யாருக்கெண்டும் சொன்னன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பல வருடங்கள் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால், வாப்பா அறியாமல் செய்தார் என்று நான் என் வாழ்நாள் முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டிருப்பேன்.

"நான் இப்ப என்ன செய்ய டீச்சர்?" என்று கேட்டேன்.

"நான் என்னத்தைச் சொல்ல? கழுத்தை எப்படிப் பிரிக்கிற எண்டு கேட்டா, அதைச் சொல்லித் தருவன்."

கேட்டேன். வாசற்படியிலேயே உட்கார்ந்து சொல்லித் தந்தார். நடுக் கண்ணிகளை மூடிவிட்டு, இரு பக்கத்தையும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். கழுத்தோரம் ஒரு வரி விட்டு ஒரு வரி ஒரு கண்ணி குறைக்க வேண்டும். இரண்டு தோளும் ஒரே உயரத்துக்கு வந்த பிறகுதான் நிறுத்த வேண்டும். என் ஊசியை அவர் வாங்கவில்லை. காற்றில் விரலால் காட்டினார்.

முன்பக்கத்தை முழுதாக அவிழ்த்து, நூலை நனைத்துக் கல் கட்டிக் காய வைத்து, புதிதாகப் பின்னினேன். பெப்ரவரி நடுவில் முடிந்தது. என் கையால் முடிந்தவற்றில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று அமையவில்லை. அதை மடித்து வாப்பாவின் முன் வைத்து, கரைவலைக் காக்காவின் பேச்சை எடுத்தேன். அந்த ஆளுக்கும் இழுப்பாம் என்றேன். தெரியாது என்பார் என்று கடைசி நொடிவரை எதிர்பார்த்தேன்.

"தெரியும்," என்றார் வாப்பா. "வந்து கேட்டவன். பொதி முடிஞ்சிட்டு எண்டு சொன்னன்." பிறகு, "எனக்கும் நெஞ்சு வலிச்சுதே புள்ள," என்றார். அவர் அழுவார் போலிருந்தது. ஊருக்கு நூற்றுக்கணக்கான பொதிகளை ஒழுங்காகப் பங்கிட்ட மனிதர், ஒரு சுவெட்டருக்காக மகளின் முன்னால் அப்படி உட்கார்ந்திருந்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். உம்மா வந்து சுவெட்டரை எடுத்து என் கையில் கொடுத்தார். "கொண்டு போ," என்றார்.

சங்கீத டீச்சரிடம் கொடுத்து அனுப்பப் பார்த்தேன். அவர் மறுத்தார். "நான் குடுத்தா மண்டபத்தால வந்த எண்டாகும். உங்கட வீட்டால போகட்டும்," என்றார். ஆனால் கூட வந்தார். கடற்கரையில், புதிதாகக் கட்டிய ஓலைக் குடிசையின் முன்னால், காக்கா வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். "இது உங்களுக்கு," என்று மட்டும் நீட்டினேன். அவர் அங்கேயே போட்டுப் பார்த்தார். தோள் சரியாக இருந்தது.

"நீங்க நெல்லு முதலாளிட மகள்தானே?" என்றார். "பொதி முடிஞ்சிட்டு எண்டு என்னைத் திருப்பி அனுப்பின அண்டைக்கே பாத்தன், அந்த மனுசன்ட முகம் கறுத்துப் போச்சு. மனசில வச்சிருந்து, மகள்ட கையாலே பின்னி அனுப்பிரிக்காரு. அல்லாஹ் அவருக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான்."

சங்கீத டீச்சர் என் முழங்கையைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தாரா, தாங்கிப் பிடித்தாரா, தெரியவில்லை. நான் உண்மையைச் சொல்லத் திறந்த வாயை மூடிவிட்டேன். சொல்லியிருந்தால் வாப்பாவின் பேர் அந்த மணலிலேயே முடிந்திருக்கும். சொல்லாததால் அந்தப் பேர் வளர்ந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் காக்கா எல்லாரையும் நிறுத்தித் தன் சுவெட்டரைக் காட்டி, வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு துஆக் கேட்டாராம். கூட்டமாக ஆமீன் சொன்னார்களாம். வாப்பா வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை.

"எல்லாருக்கும் முன்னுக்கு நிண்டு எனக்கு துஆக் கேக்கான். நான் என்ன செய்ற?" என்று கேட்டார். உம்மாவிடமா, என்னிடமா என்று தெரியவில்லை. உம்மா சோற்றை மூடி வைத்தார்.

எண்பதுகளின் நடுவில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நிலைமை கெட்டு, சங்கீத டீச்சர் குடும்பத்தோடு மட்டக்களப்புக்குப் போனார். பிறகு வெளிநாடு என்று கேள்வி. கணக்கு டீச்சர் அந்த நிறத்தில் நாலு பந்து கேட்டு ஒரு வருடம் என்னை நச்சரித்து, கடைசியில் மறந்தார். வாப்பாவும் உம்மாவும் காக்காவும் இன்று இல்லை. காக்காவின் பேத்தி ஒருத்தி எங்கள் தெருவில் கலியாணம் முடித்திருக்கிறாள். போன நோன்புப் பெருநாளன்று பிள்ளைகளோடு வந்தாள். மூத்தவனை என் முன்னால் இழுத்து நிறுத்தி, "இவங்குட வாப்பாதான் எங்குட மூத்தாப்பாக்குச் சுவெட்டர் பின்னுவிச்சுக் குடுத்தவங்க. அப்படி மனுசர் இப்ப இல்ல," என்றாள். பையன் என்னைப் பார்த்து, "உண்மையா மாமி?" என்று கேட்டான்.

"ஓம்," என்றேன்.