பினாமிக்கு ஒரு கதை

ஒரு பத்திரிகையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். விஞ்ஞானக் கதையும் மாயக் கதையும் எழுதுகிறவர்கள் காலையில் எப்போது எழுந்திருக்கிறார்கள், என்ன குடிக்கிறார்கள், எந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள் என்று ஒரு பக்கம் போடுகிறார்களாம். "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகங்க பேரு மட்டும் சொல்லுங்க மேடம்" என்றாள். பெயர் தெரியாது என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அடக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. உண்மையிலேயே பெயர் தெரியாது.

பாபநாசத்தில் ஒரு பழைய பேப்பர் கடை இருந்தது. எங்கிருந்தோ மூட்டையாக இங்கிலீஷ் புத்தகங்கள் வரும். அட்டை கெட்டியாக இருப்பதால் கடைக்காரர் அதைக் கிழித்து வேறு வேலைக்கு வைத்துக்கொள்வார். முதல் பக்கங்களும் கடைசிப் பக்கங்களும் பொட்டலம் மடிக்கப் போய்விடும். நடுவில் மிஞ்சியதை நான் எடை போட்டு வாங்குவேன். எழுதியவர் யார் என்று தெரியாது, முடிவும் தெரியாது. வேறு கிரகத்தில் இறங்கியவன் வீடு திரும்பினானா என்று தெரியாமலே பல கதைகளைப் படித்திருக்கிறேன். முடிவுகளை நானே போட்டுக்கொண்டேன். எழுத்தாளர் ஆவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

மற்றபடி பஞ்சாங்கம் படிப்பேன். வேளாண்மைத் துறைக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போகும் நோட்டீசுகளைப் படிப்பேன். புது நெல் குட்டையாக நிற்கும், காற்றடித்தாலும் சாயாது, வெகு சீக்கிரம் கதிர் விடும் என்று ஒன்றில் போட்டிருந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "உன் ராக்கெட்டையாவது நம்பலாம்" என்றார் அப்பா.

அப்போது எனக்குக் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது என்பது ஊரின் கருத்து. குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். பகலில் பாபநாசத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை. விடியற்காலையில் அம்மா நெல் அவிப்பாள். அடுப்புக்கு உமி தள்ளிக்கொண்டே இருப்பது என் பொறுப்பு. ஒரு கையால் உமி தள்ளி, மறு கையால் எழுதுவேன். இன்ஸ்டிட்யூட்டில் பிழையாக அடித்துக் கசக்கிய தாள்களின் பின்பக்கம்தான் என் காகிதம். உமித் தூசி படாத கதை ஒன்றுகூட நான் எழுதியதில்லை.

என் கதைகளை யாருக்கும் பிடிக்கவில்லை. கறுப்புச் சட்டைக்காரர்கள் ராக்கெட்டை வைத்துக்கொண்டு பேயை எடுத்துவிடச் சொன்னார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் பேய் இருக்கட்டும், ராக்கெட் எதற்கு என்றார்கள். சிவப்புத் துண்டு போட்ட ஒருவர் மட்டும் உட்கார்ந்து முழுதும் கேட்டுவிட்டு, "செவ்வாயில அறுவடைக் கூலி என்ன?" என்றார். மற்ற இரண்டு கூட்டத்தையும் நான் மதிக்கவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று எனக்கு உறைத்தது. உடனே செவ்வாயில் வாய்க்கால் வெட்டி, தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் தகராறு மூட்டி ஒரு கதை எழுதினேன். ஒரு வாரப் பத்திரிகை அதைப் போட்டது.

எனக்கு ஒரே ஒரு விதிதான். கதையில் ஒரு பொய்யை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். செவ்வாயில் மனிதன் பயிர் செய்கிறான் என்பது அந்தப் பொய். அதை ஒத்துக்கொண்ட பிறகு மற்றதெல்லாம் வரிக்கு வரி உண்மையாக இருக்க வேண்டும். தண்ணீர் வராவிட்டால் அங்கேயும் பயிர் காயும், அங்கேயும் கடைமடைக்காரன் மண்வெட்டியோடு வந்து நிற்பான். இப்படி ஒரு பொய்யை ஒருநாள் எங்கள் ஊர் மிராசுதாரே என்னைக் கூப்பிட்டுக் கேட்பார் என்று அப்போது தெரியாது.

ஆட்சி மாறியிருந்த காலம். ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்று உச்சவரம்பை இன்னும் குறைத்துச் சட்டம் வந்திருந்தது. மிச்சத்தைச் சர்க்கார் எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கும் என்றார்கள். அறுப்புக் காலத்தில் வயல்களில் சிவப்புக் கொடி நட்டார்கள். பெரிய வீடுகளில் திண்டாட்டம். மிச்ச நிலமெல்லாம் அடுத்தவர் பெயருக்குப் போயிற்று. செத்துப்போன அத்தை, பால் குடிக்கிற பேரன், சிங்கப்பூரில் இருப்பதாகச் சொல்லப்படும் மருமகன், எல்லோரும் நிலச்சுவான்தார் ஆனார்கள். இந்த ஜில்லாவின் பெரிய மாயக்கதை எழுத்தாளர்கள் மிராசுதார்களின் நிலம், கணக்கு எல்லாம் பார்க்கும் காரியஸ்தர்கள்தான். எனக்கு அவர்கள் மேல் தொழில் பொறாமைகூட இருந்தது.

எங்கள் மிராசுதார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அப்பா அவருடைய நிலத்தில் ஐந்து மா, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். எங்கள் சோறு அந்த ஐந்து மாவிலிருந்து வந்தது. அதனால் கூப்பிட்டால் போக வேண்டும்.

"ஏம்மா, செவ்வாயில ஆள் இருக்குன்னு எழுதியிருக்கே. படிச்சேன். நம்புற மாதிரியே இருந்துச்சு" என்றார்.

"சொல்லுங்கய்யா."

"எனக்கு ஒரே ஒரு ஆள் வேணும். இங்கேயே."

விஷயம் இதுதான். ஆற்றோரத்து நிலம் ஒன்றை அவர் தன் மாட்டுக்கொட்டகையில் வேலை பார்த்த பண்ணையாள் பெயருக்கு மாற்றியிருந்தார். கூடப் பிறந்த தம்பி பெயரில் எழுதினால் நிலம் திரும்பி வராது என்று பயம். தெற்குத் தெரு ஆள், வாயில்லாப் பூச்சி, ஆண்டே என்பதைத் தவிர வேறு வார்த்தை தெரியாதவன் என்று நம்பி எழுதிவிட்டார். இப்போது விசாரணைக்கு அதிகாரி வரப்போகிறார். நிலம் உனக்கு எப்படி வந்தது, யார் உழுகிறார்கள், விளைச்சல் எங்கே போகிறது என்று அந்த ஆளைக் கேட்பார்கள். அவனுக்கு ஒரு கதை வேண்டும். அதை அவன் வாயில் போட வேண்டும்.

"எங்கப்பா காலத்துல வெள்ளத்துல ஒரு உழவு மாட்டைக் காப்பாத்தினான், அதுக்குக் கருணையாக் குடுத்தோம், இப்பிடி ஏதாச்சும் எழுதிக் குடு. உனக்குத் தெரியாததா" என்றார்.

"நான் பத்திரிகைக்குத்தாங்கய்யா எழுதுறேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "உங்கப்பா அந்த அஞ்சு மாவுல குறுவைக்கு நாத்து விடப் போறாராமே. விடட்டும். நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டே கலப்பையைத் திருப்பிப் போட்டுக் கொழுவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மிராசுதார் மேல் மட்டுமல்ல, அப்பாவின் மௌனத்தின் மேலும். ஆனால் அந்த ஆத்திரத்திலேயே ஒன்று தோன்றியது. கதைதானே கேட்கிறார், கொடுத்தால் போகிறது. என் விதிப்படி கொடுப்பேன்.

மிராசுதாரின் ரைஸ்மில் களத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு. காரியஸ்தர் ஒரு நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்தார். பண்ணையாளுக்கு என்னைவிட வயது அதிகம், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். "வாங்கண்ணே, உக்காருங்க" என்றேன். காரியஸ்தர் இருமினார். பண்ணையாள் உட்காரவில்லை.

"அண்ணே, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஒத்துக்கங்க. அந்த ஆத்தோரத்து நிலம் உங்களுது. சரியா? இப்ப சொல்லுங்க, மொதல்ல என்ன செய்வீங்க?"

அவர் காரியஸ்தரைப் பார்த்துச் சிரித்தார். காரியஸ்தரும் சிரித்தார். "சும்மா சொல்லுய்யா, கதைதானே" என்றார் காரியஸ்தர். பண்ணையாள் அன்றைக்கு யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

மறுநாள் வந்தபோது கேட்காமலே சொன்னார். "அறுப்பன்னிக்கு நான் களத்துல உக்காந்திருப்பேன். நெல்லு அளக்கறப்போ இதுவரைக்கும் நின்னுக்கிட்டேதான் பாத்திருக்கேன்."

நான் எழுதிய எந்தக் கதையிலும் இப்படி ஒரு வரி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். நெல்லை எந்த வழியாக வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள்? எங்கே கொட்டுவீர்கள்? உங்கள் வீட்டு அம்மா என்ன சொல்வார்கள்? ஒவ்வொன்றுக்கும் அவர் ஒருநாள் எடுத்துக்கொண்டு பதில் கொண்டுவந்தார். பேச்சு நன்றாக வருகிறது என்று காரியஸ்தர் மிராசுதாரிடம் போய்ச் சொன்னார். மிராசுதார் எங்கள் வீட்டுக்கு ஒரு தார் வாழைப்பழம் அனுப்பினார். அம்மா அதை மாட்டுக்குப் போட்டாள்.

விசாரணை பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. ஊரே நின்றது. அதிகாரி பெயரைப் படித்ததும் பண்ணையாள் முன்னால் போய் நின்றார். துண்டு கையில் இல்லை, தோளில் கிடந்தது. அது நான் சொல்லிக்கொடுத்ததல்ல. காரியஸ்தர் இதையும் என் ஏற்பாடு என்றுதான் நினைத்தார். அசல் நிலக்காரன் மாதிரியே இருக்கிறான் என்று மிராசுதாரின் காதில் சொன்னார்.

"நெலம் உங்களுதா?" என்றார் அதிகாரி.

"எங்கப்பன் உழுத நெலங்க. இப்ப நான் உழுவுறேன். பட்டா எம்பேர்ல இருக்குன்னு அவுங்களே சொல்றாங்க." வெள்ளமும் மாடும் கருணையும் அந்தப் பதிலில் வரவில்லை. மிராசுதார் லேசாகப் புருவத்தை உயர்த்தினார், அவ்வளவுதான்.

"வெளைச்சல் யாருக்குப் போகுது?"

"எனக்குத்தாங்க. வர்ற குறுவை அறுத்து எங்க தெருவுக்குத்தான் கொண்டுபோவப் போறேன். வண்டியை யாரும் மறிக்கக் கூடாதுன்னு இங்கயே இவங்க முன்னாடியே சொல்லிடுங்க சார். அப்புறம் தகராறு ஆவும்."

அதிகாரி மிராசுதாரைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு இதுல ஆட்சேபணை உண்டா?" என்றார். ஆட்சேபணை உண்டு என்றால் நிலம் தன்னுடையது என்று ஆகும். அப்புறம் அத்தையும் பேரனும் சிங்கப்பூர் மருமகனும் வரிசையாக வெளியே வருவார்கள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல் அவர் நின்றார். "இல்லை" என்று தலையை மட்டும் அசைத்தார். எனக்கு அன்று வந்த சந்தோஷம், எந்தக் கதை அச்சில் வந்தபோதும் வந்ததில்லை.

சந்தோஷம் அன்று மாலை வரைதான். காரியஸ்தர் எங்கள் வாசலில் வந்து நின்று, உள்ளே வராமலே பேசினார்.

"ஐயா கேக்கச் சொன்னாங்க. அவனுக்கு என்ன சொல்லிக் குடுத்தே?"

"ஐயா கேட்டதுதான். நெலம் உன்னுதுன்னு சொல்லிக் குடுத்தேன்."

"கொழுப்பு" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "அந்த அஞ்சு மாவுல இனிமே ஏர் எறங்கக் கூடாதுன்னு உத்தரவு. ஐயாவே சொந்தச் சாகுபடி பண்ணப் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அழுதாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. குத்தகைக்காரனை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தை இன்ஸ்டிட்யூட்டில் மனுவாக எத்தனையோ பேருக்கு டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் சட்டத்தை நம்பி வயலில் இறங்கி அடி வாங்கியவர்களுக்கும் நான்தான் மனு அடித்துக் கொடுத்திருந்தேன். அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் திருப்பிப் பேசத் தயாராகவும் இருந்தேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால் நிரம்பிய காலையில், நான் உமி தள்ளிக்கொண்டிருந்த இடத்துக்கு அப்பா வந்தார். குந்தி உட்கார்ந்தார். என் எழுத்து வேலையின் நடுவில் அவர் அப்படி வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"எறங்கலாமா?" என்றார்.

அவர் என்னிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. என் கல்யாணப் பேச்சில்கூட என்னைக் கேட்டதில்லை. அடி விழுந்தால் அது அவர் முதுகில்தான் விழும், என் முதுகில் இல்லை. அது தெரிந்துதான் சொன்னேன்.

"எறங்குங்கப்பா. நானும் வரேன்."

மாடுகளை ஓட்டிக்கொண்டு அவர் முன்னால் போனார். ஏர் பூட்டி ஒரு சால் உழுது முடிப்பதற்குள் காரியஸ்தர் ஆட்களோடு வந்துவிட்டார். ஆட்கள் கையில் கம்பு இருந்தது. நான் வரப்பில் நின்றேன். ஆற்றோரத்துப் பக்கமிருந்து பண்ணையாளும் தெற்குத் தெருக்காரர்கள் சிலரும் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்கள். காரியஸ்தர் அவர்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், வரப்பை விட்டு இறங்காமல் அப்பாவிடம் கத்தினார்.

"யாரைக் கேட்டுய்யா ஏர் எறக்குனே?"

அப்பா ஏரை நிறுத்தவில்லை. மாட்டின் வாலைத் தட்டிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எம் பொண்ணைக் கேட்டுத்தான்."